தொண்ணூறு விநாடி

எங்கள் தளத்தில் என்னை 'மூட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்ந்த முதல் நாள் மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கேட்டார், இதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தாய் என்று. கிடங்கில் மூட்டை தூக்கினேன் என்றேன். அவ்வளவுதான், பட்டம் வாங்கிய பதினொரு பேர் நடுவில் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. கிடங்கில் "டேய்" என்பதே போதுமானதாக இருந்தது. அதற்கு இது எவ்வளவோ மேல்.

மேற்பார்வையாளருக்கும் ஒரு பெயர் உண்டு. சாப்பாட்டு நேரம் முடிந்தால் வாயில் விரலை வைத்து ஊதுவார். அதனால் 'விசில்'. முகத்துக்கு நேரே 'சார்'.

வீடியோ கேம் சோதிக்கிற வேலை. வெளியே சொன்னால், "விளையாடுறதுக்குச் சம்பளமா? கொடுத்து வச்சவன்யா" என்பார்கள். விளையாட்டு எங்கே இருக்கிறது? ஒரு சுவரில் நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்க வேண்டும், எங்காவது சுவருக்குள் தலை நுழைகிறதா என்று பார்க்க. ஒரே படிக்கட்டில் நானூறு முறை ஏறி இறங்கி எந்தப் படியில் கால் மாட்டுகிறது என்று எழுத வேண்டும். கண்ட தவறுக்கு 'பக்' என்று பெயர். ஒவ்வொரு பக்குக்கும் ஒரு டிக்கெட் போட வேண்டும். எந்த இடம், எத்தனை முறை செய்து பார்த்தாய், எவ்வளவு மோசம். அம்மாவுக்கு இதை எப்படி விளக்கியும் பிடிபடவில்லை. "ஆபீஸ்ல பூச்சி பிடிக்கிற வேலை, உக்காந்த இடத்துலயே" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தாள். மறுநாள் அந்த வீட்டு அம்மா கரப்பானுக்கு என்ன மருந்து நல்லது என்று கேட்டு வந்து நின்றது.

நாங்கள் சோதித்தது 'நள்ளிருள்' இரண்டாம் பாகம். முதல் பாகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

முதல் பாகம் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. தங்கச்சிக்குப் பதினாறு. யாரோ கழித்துப் போட்ட பழைய கேம் பெட்டி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. லீவு நாள் மத்தியானம், திரையில் வெயில் விழாமல் ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு உட்காருவோம். ஆடுகிறவன்தான் காட்டேரி. யாரோ கடித்து, யாரோ தெருவில் எறிந்துவிட்டுப் போன புதுக் காட்டேரி. மற்ற கேமெல்லாம் கையில் கத்தியைக் கொடுத்து அனுப்பும். இது பசியைக் கொடுத்து அனுப்பியது. அந்தப் பசிக்காக யாரிடம் போய் என்ன பேசுகிறோம், யாரை விட்டுவிடுகிறோம், யாருக்குப் பொய் சொல்கிறோம், அதுதான் கேம். சின்ன ஊர், நாலே தெரு. ஆனால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு ஆள் இருந்தான், அவனுக்கு ஒரு கஷ்டம் இருந்தது.

அதில் ஒரு சட்டம். வீட்டுக்காரர் கூப்பிடாமல் காட்டேரி உள்ளே போக முடியாது. மூன்றாவது மாடியில் தையல்காரி ஒருத்தி தனியாக இருப்பாள். கதவுக்கு முன்னால் நின்று பட்டனை அழுத்தினால், "யாரு?" என்பாள். அப்புறம் ஒன்றும் இல்லை. திரும்ப அழுத்தினால் அதுவும் இல்லை. ஒரு வாரமாக அங்கேயே நின்றோம். ஒருநாள் நான் இரண்டு லாரி சிமென்ட் இறக்கிவிட்டு வந்திருந்தேன். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தது. பிடிக்க முடியாமல் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். தங்கச்சி தடவ எண்ணெய் எடுக்கப் போனாள். திரையில் காட்டேரி அவன் பாட்டுக்கு வாசலில் நிற்கிறான். ஒன்றரை நிமிடம் போயிருக்கும். கதவுக்குப் பின்னால் இருமல் கேட்டது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. "எவ்வளவு நேரமா நிக்கிற? உள்ள வா."

நான் எத்தனையோ வாசலில் மூட்டையோடு நின்றவன். அங்கயே வை. செருப்பை வெளியில விடு. சுவத்துல உரசாமப் போ. இதெல்லாம் கேட்டிருக்கிறேன். உள்ளே வா என்று ஒருத்தர் சொல்லி அதுவரை கேட்டதில்லை. எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வந்த தங்கச்சி, "அண்ணா, கூப்பிட்டுட்டா! கூப்பிட்டுட்டாண்ணா!" என்று குதித்ததில் பாதி எண்ணெய் தரையில் போனது. பொறுமையாக நிற்கிறவனைத்தான் அவள் கூப்பிடுவாள் என்று அப்புறம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் கேமைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது அந்த மூன்றாவது மாடியைத்தான்.

இரண்டாம் பாகம் வரப் பன்னிரண்டு வருஷம் ஆனது. நடுவில் மூன்று முதலாளி கைமாறியது. ஒவ்வொரு முதலாளியும் வந்ததும் பழைய ஆட்களைத் துரத்திவிட்டுப் புதுக் கதை எழுதச் சொன்னான். கடைசியில் பழைய குழுவில் மிஞ்சியது ஒரே ஒருத்தர். முதல் பாகத்துக்குப் பேச்சு எழுதிய அம்மா. அவர் ஐந்தாவது மாடி. நாங்கள் தரைத்தளம். 'கதையம்மா' என்போம். ஏழு மாதத்தில் லிஃப்ட் கதவு மூடும்போது இரண்டு முறை பார்த்திருப்பேன்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்கள் ஏழு மாதம் உட்கார்ந்து பார்த்தோம். பசியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் மேலே ஒரு சிவப்புக் கோடு. தெருவில் போகிற எவனையும் பின்னாலிருந்து ஒரு பட்டனில் கடிக்கலாம், கோடு நிரம்பும். கடிபட்டவன் நாலு அடி தள்ளிப் போய் விழுந்து எழுந்து செல்போனைப் பார்ப்பான். கூரைக்குக் கூரை தாவலாம். உடம்பில் மாட்டுகிற கோட்டுக்கு நாற்பது நிறம். காட்டேரிக்குத் துப்பாக்கி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, கொடுத்துவிட்டார்கள். பேச்சு வந்தால் மூன்று பதில் காட்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் எதிரில் இருப்பவன் ஒரே பதிலைச் சொல்வான். அது பக் என்று முதல் மாதம் டிக்கெட் போட்டேன். 'இப்படித்தான் திட்டம்' என்று எழுதி மூடினார்கள்.

நல்ல பகுதி அடுத்த வாரம் வரும், அதற்கடுத்த வாரம் வரும் என்று இருந்தேன். சனிக்கிழமை தோறும் புது பில்டு, அதாவது அந்த வாரம் வரை திருத்திய கேம், வரும். புதுக் கோட்டு வரும்.

சுவரில் ஒரு பலகை உண்டு. பன்னிரண்டு பேரும் தற்காலிகம். கேம் கடைக்குப் போகும் அன்று பலகையில் முதல் இரண்டு பேர் நிரந்தரம், மற்ற பத்துப் பேருக்குக் கைகுலுக்கல். சாதாரண பக்குக்கு ஒரு புள்ளி. ஆடுகிறவன் மேலே போகவே முடியாதபடி வழியை அடைப்பதற்கு ப்ளாக்கர் என்று பெயர், அதற்கு ஐந்து. போட்ட டிக்கெட்டை நாமே திரும்ப எடுத்துக்கொண்டால் அந்தப் புள்ளி போகும், பெயருக்குப் பக்கத்தில் 'வீண்' என்று ஒரு முத்திரையும் விழும்.

எனக்கு அந்த இரண்டில் ஒன்று வேண்டும். ஆசைக்காக இல்லை. கழுத்தெலும்பில் இரண்டு தட்டு நசுங்கியிருந்தது. கிடங்கிலிருந்து வெளியேறியதே அதனால்தான். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "பத்துக் கிலோவுக்கு மேல தூக்காதீங்க. தூக்கினா அப்புறம் உங்களைத்தான் நாலு பேர் தூக்கணும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். படித்த படிப்புக்கு எனக்கு வேறு எவன் நாற்காலி போடுவான்?

கேம் வெளியாக ஆறு வாரம் இருந்தபோது அந்த டிக்கெட்டைப் போட்டேன்.

புது பில்டில் ஒரு மருத்துவமனையின் பின்வாசல். ரத்தம் சேமிக்கும் அறை. கதவில் சின்ன ஜன்னல், உள்ளிருந்து ஒரு நர்ஸின் குரல். எங்களுக்குக் கொடுத்த தாளில், 'கதவு. நர்ஸ் கேட்பாள். உள்ளே போகலாம்' என்று மட்டும் இருந்தது. அழுத்தினேன். "யாரு?" என்றாள். அப்புறம் பேச்சில்லை. முறைப்படி மூன்று நிமிடம் விடாமல் அழுத்தினேன். மற்ற பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன். திரும்பிப் போய் வந்து அழுத்தினேன். துப்பாக்கியால் சுட்டேன். பதினொரு நிமிடம். கதவு அசையவில்லை. ப்ளாக்கர் போட்டேன்.

எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். எங்களை மாதிரி டெஸ்டர் பட்டனிலிருந்து கையை எடுக்க மாட்டான். எடுத்தால் மூலையில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். 'சும்மா இருந்த நேரம்'. அறுபது விநாடி தாண்டினால் விசில் மேசையில் உங்கள் எண் சிவப்பாகும். "என்ன, உறக்கமா?" என்று அங்கிருந்தே கத்துவார். மூத்திரம் வந்தாலும் பக்கத்து ஆளைப் பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுவோம். ஏழு மாதத்தில் ஒருநாளும் என் கை அறுபது விநாடி சும்மா இருந்ததில்லை. பன்னிரண்டு பேருக்கும் அப்படித்தான்.

அந்த ஐந்து புள்ளியில் நாலாவது இடத்திலிருந்து இரண்டாவதுக்கு வந்தேன். எனக்குக் கீழே மூன்று புள்ளி வித்தியாசத்தில் குருவி. கீச்சுக் கீச்சென்று பேசும் ஒல்லிப் பெண். விசில் என் முதுகில் தட்டி, "மூட்டை இன்னைக்குத்தான்யா சரியான மூட்டையா தூக்கிட்டு வந்திருக்கான்" என்றார். கழுத்து வரைக்கும் வலித்தது. சிரித்தேன்.

மறுநாள் காலை கதையம்மா தரைத்தளத்துக்கு வந்தார். வாசலில் நின்று, "நாப்பத்தொண்ணு யாருங்க?" என்று கேட்டார். டிக்கெட்டில் எங்கள் பெயர் இருக்காது, எண்தான். எழுந்து நின்றேன்.

"அந்த ஜன்னலுக்கு ப்ளாக்கர் போட்டது நீங்கதானா?"

"ஆமா மேடம்."

"எத்தனை தடவை அழுத்திப் பாத்தீங்க?"

"மூணு நிமிஷம் தொடர்ந்து மேடம். அப்புறம் எல்லா பட்டனும்..."

"அழுத்தாம எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

மேசைமேல் இருந்த கன்ட்ரோலரைப் பார்த்தேன்.

"முதல் பாகம் ஆடியிருக்கீங்களா?"

"ஆடியிருக்கேன்."

"மூணாவது மாடி?"

"ஆடியிருக்கேன் மேடம்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அப்ப உங்களுக்குக் கூடவா தெரியல?" என்றார், கடையில் பழைய பழத்தைத் திருப்பிப் பார்ப்பது போல.

"தாள்ல ஒண்ணும் எழுதலையே மேடம். எழுதியிருந்தா நான் போட்டிருக்க மாட்டேன்."

"எழுதியிருந்தா நீங்க போடறதுக்கே அது இருந்திருக்காது. விளையாடுறவன் தொண்ணூறு விநாடி சும்மா நிக்கணுமா, ஓடிப்போயிருவான்னு மீட்டிங்லயே வெட்டியிருப்பாங்க. நான் எழுதின மத்த எல்லாம் அப்படித்தான் போச்சு. அதனால இதை யாருக்கும் சொல்லாம உள்ள வச்சேன்." குரலைத் தாழ்த்தினார். "கதவு திறந்தா நாப்பது நிமிஷம். துப்பாக்கி கிடையாது. ரெண்டு பேர் உக்காந்து பேசிக்கிறாங்க, அவ்வளவுதான். இந்த கேம்ல என்னோடதுன்னு அது ஒண்ணுதான் மிச்சம்."

"இது பக் இல்லன்னு நீங்களே எழுதி மூடிரலாமே மேடம்?"

"நான் மூடினா ஏன்னு மேல கேப்பாங்க, திறந்து பாப்பாங்க. போட்டவரே தப்பாப் போட்டுட்டேன்னு எடுத்துக்கிட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க." கொஞ்சம் யோசித்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருக்கிற டிக்கெட்டையெல்லாம் திருத்தி பில்டைப் பூட்டுறாங்க. அதுக்குள்ள எடுத்துருங்க. என்னை நம்பி எடுக்க வேண்டாம். மேல வாங்க, போட்டுக் காட்டுறேன். பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

"பாக்குறேன் மேடம்" என்றேன். அவர் போய்விட்டார்.

விசில் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். "என்ன, மகாராணி தரையிறங்கி வந்துட்டுப் போகுது?"

"அந்த ஜன்னல் டிக்கெட்டை எடுத்துக்கச் சொல்றாங்க சார். வேணும்னேதான் அப்படி வச்சாங்களாம்."

"வேணும்னே கதவைப் பூட்டி வைப்பாங்களா? எந்தப் பைத்தியம் வைக்கும்?" பலகையைக் காட்டினார். "நீ எடுத்தேன்னு வை, உனக்கு அஞ்சு போச்சு. கூட ஒரு முத்திரை. நாளைக்குக் குருவி அந்த வாசலுக்குப் போவா, அவளும் முட்டுவா, அவளும் போடுவா. கதவு எப்படியும் திறந்துரும். நீ மட்டும் வெளியில நிப்ப. எனக்கென்ன, நல்லதுக்குச் சொல்றேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் குருவி எனக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் இருந்தாள். அந்த வாசல்ல கையை எடுத்துட்டு நில்லு, டிக்கெட் போடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் கேட்டிருப்பாளா மாட்டாளா என்பது சொன்னால்தானே தெரியும். மத்தியானம் அவளே என் பக்கத்தில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன மூட்டை, கதையம்மா உன்கிட்ட என்ன ரகசியம் பேசிச்சு?"

"ஒண்ணுமில்ல. எழுத்துப்பிழையாம்."

"அதுக்கா அஞ்சு மாடி இறங்கி வந்துச்சு? பாவம், மேல பேச ஆளில்ல போல."

புதன் போனது. வியாழக்கிழமை சாப்பிட்டுவிட்டு லிஃப்டில் ஏறாமல் படியில் ஏறினேன். இரண்டாவது மாடி வரை போனேன். அங்கே தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. தண்ணீர் குடித்தேன். திரும்பி இறங்கிவிட்டேன். கால் வலி என்றோ விசில் கூப்பிட்டார் என்றோ சொல்ல மாட்டேன். பார்த்தால் எடுத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு என் மேசைத் தொலைபேசி அடித்தது. அது அடித்து நான் கேட்டதே இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வர்றீங்களா?" என்றார்.

"கொஞ்சம் வேலை இருக்கு மேடம்."

"சரி." வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஒண்ணு கேக்கலாமா? டிக்கெட்டுக்காக இல்ல. மூணாவது மாடியில அவ உள்ள வான்னு கூப்பிட்டப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு? சும்மா தெரிஞ்சுக்கத்தான். நேர்ல யார்கிட்டயும் நான் கேட்டதில்ல."

ஒரு கையில் தொலைபேசி. இன்னொரு கை கன்ட்ரோலர் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தது.

"ஞாபகம் இல்ல மேடம்" என்றேன்.

சனிக்கிழமை புது பில்டு வந்தது. போட்ட டிக்கெட் சரியானதா என்று போட்டவன்தான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வாசலுக்குப் போனேன். ஒரே ஒரு முறை அழுத்தினேன். கதவு திறந்தது. உள்ளே ஒரு கட்டில், ஒரு அலமாரி, அலமாரியில் முப்பது தோட்டா. நர்ஸ் இல்லை. நின்றால்தான் அவள் வருவாள் என்று எழுதி வைத்திருந்ததால், நிற்பதை எடுத்ததும் அவளுக்கு வர வழியில்லாமல் போயிருக்கும். கதவைத் திருத்தியவர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அவர் வேலை கதவு. 'சரியாகிவிட்டது' என்று எழுதினேன். கீழே நாற்பத்தொன்று.

பத்து நாள் கழித்து, கேம் முடிந்ததும் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் எழுத்துப்பிழை பார்க்கும் வேலை எனக்கு வந்தது. இருநூற்று எண்பது பெயர். கூரையில் தாவுவதற்கு மட்டும் பதினான்கு பேர். கதையம்மாவின் பெயர் விட்டுப்போயிருந்தது. டிக்கெட் போட்டேன். அரை மணி நேரத்தில் மூடினார்கள். 'அவரே எடுக்கச் சொன்னது. பக் அல்ல.' அவர் வேலையை விட்டுப் போய் அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது. தரைத்தளத்துக்கு அந்தச் செய்தி கூட வரவில்லை.

நான் நிரந்தரமானேன். அதே நாற்காலி. கழுத்தில் தொங்கும் அட்டையின் நாடா மட்டும் பச்சையிலிருந்து நீலமானது. குருவி கடைசி நாளில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். "பொழச்சுக்கோ மூட்டை" என்று சிரித்தாள். அவளுக்கு என் மேல் எந்தக் கோபமும் இல்லை. கோபப்பட என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதே.

கேம் கடைக்கு வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு எந்த மூடியும் போதவில்லை. 'பல்செட் வைத்த காட்டேரி' என்று ஒருத்தன் எழுதினான். 'பன்னிரண்டு வருஷம் காத்திருந்ததற்கு நாற்பது கோட்டு' என்று இன்னொருத்தன். 'இதில் ரத்தம் இருக்கிறது, உயிர்தான் இல்லை' என்று நிறைய பேர் எழுதினார்கள். ஒரே வாக்கியத்தை எல்லாரும் தாங்களே யோசித்த மாதிரி எழுதினார்கள். மேலே ஐந்தாவது மாடியில், ரசிகர்களுக்கு நன்றி கிடையாது என்று பேசிக்கொண்டார்களாம்.

தங்கச்சி இது எதையும் படிக்கவில்லை. படித்தால் ருசி போய்விடும் என்று வைராக்கியமாக இருந்தாள். மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. ஈரப் போர்வை ஒவ்வொன்றும் பிணம் மாதிரி கனக்கும் என்பாள். பன்னிரண்டு வருஷத்தில் கல்யாணம் ஆகி, ஒரு பெண் பிறந்து, கை இரண்டும் சலவைச் சோடாவில் வெந்து சுருங்கியிருந்தது. ஆனாலும் வருஷா வருஷம் கேட்பாள், "ரெண்டாவது எப்பண்ணா வருது?" நான் அதிலேயே வேலைக்குச் சேர்ந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எதையும் வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அது ஒரு வசதி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். குழந்தை பாயின் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் தரையில் சம்மணம் போட்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

"வாண்ணா. ஆரம்பம் கொஞ்சம் இழுவையா இருக்கு. போகப் போகப் பிடிச்சுக்கும்."

"எவ்வளவு நேரமா ஆடுற?"

"நேத்துலேர்ந்து சேர்த்து ஒன்பது மணி நேரம் இருக்கும்." என்னைப் பார்க்காமல் சொன்னாள். "கோட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

கூரையில் தாவினாள். ஆறு பேரைச் சுட்டாள். இரண்டு பேரைப் பின்னாலிருந்து கடித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொன்னாள். புதுசா வர்றவங்களுக்குப் புரியணும்ல. பழசு மாதிரியே இருந்தா அப்புறம் எதுக்கு ரெண்டாவது. குறையே சொல்லாத மாமியாரிடம் மருமகளைப் பற்றிக் கேட்டது போல இருந்தது. அப்புறம் மருத்துவமனையின் பின்வாசலுக்கு வந்தாள். கதவு, ஜன்னல். அழுத்தும் முன்னாலேயே "யாரு?" என்று குரல் கேட்டது. அந்த ஒரு சத்தத்தை மட்டும் எடுக்க மறந்திருந்தார்கள்.

தங்கச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணா, இது அதுதான்! பேசாத, பேசாத." கன்ட்ரோலரைப் பாயில் வைத்துவிட்டுக் கை இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டாள்.

நின்றாள். ஒன்றரை நிமிடம் ஆனது. மூன்று நிமிடம் ஆனது. திரையில் அவன் ஒரு காலை மாற்றி நின்று கோட்டைத் தட்டிக்கொண்டான்.

"இதுல கொஞ்சம் அதிக நேரம் வச்சிருப்பாங்க" என்றாள் மெதுவாக. "லேசுல கூப்பிட்டுற மாட்டா."

குழந்தை புரண்டது. முழங்கையாலேயே தட்டிக் கொடுத்தாள். கண்ணை எடுக்கவில்லை. ஐந்து நிமிடம். ஆறு. எனக்கு உட்கார முடியவில்லை.

"அழுத்து" என்றேன்.

"சும்மா இருண்ணா."

"அழுத்தும்மா. அழுத்தினாத்தான் திறக்கும்."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு விரலை மட்டும் நீட்டி அழுத்தினாள். கதவு திறந்தது. கட்டில், அலமாரி, முப்பது தோட்டா.

"அவ எங்க?"

அப்போதுதான் சொன்னேன். டிக்கெட்டை, ஐந்து புள்ளியை, கதையம்மா இறங்கி வந்ததை, தொலைபேசியை, எல்லாவற்றையும். கழுத்தையும் சேர்த்துச் சொன்னேன், அவளுக்குத் தெரிந்ததுதான் என்றாலும். குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் புடவைத் தலைப்பால் கன்ட்ரோலரைத் துடைத்தாள். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

"எங்கிட்ட கேட்டிருந்தா வேலையைப் பாருன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். "மறுபடி உன்னை மூட்டை தூக்கவா விட முடியும்?"

எனக்கு மூச்சு வந்தது. அது வந்த வேகத்திலேயே அடுத்ததைக் கேட்டாள்.

"சரி, உள்ள என்னண்ணா இருந்துச்சு? நாப்பது நிமிஷம்னியே. அந்த நர்ஸ் யாரு, என்ன பேசுவா? அதையாவது சொல்லு, கேக்குறேன்."

"நான் பாக்கல."

"வாங்க, போட்டுக் காட்டுறேன்னு அந்தம்மா கூப்பிட்டாங்கன்னு சொன்னியே."

"கூப்பிட்டாங்க."

"ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. போகலையா நீ?"

"போகல."

அவள் திரைப்பக்கம் திரும்பினாள். அலமாரிக்கு முன்னால் போய் முப்பது தோட்டாவையும் எடுத்துக்கொண்டாள். வெளியே தெருவில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருத்தனாகச் சுடத் தொடங்கினாள்.